ஒரு தடவையாவது ஓட வேண்டிய லூப்

எனக்கும் அவளுக்கும் வந்த முதல் சண்டை ஒரு 'இஃப்' வாக்கியத்தைப் பற்றியது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் வேலை அப்படிப்பட்டது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பெங்களூர் ரோட்டில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் அப்போது தொழிற்சாலை என்று சொல்ல ஒன்றிரண்டுதான் இருந்தன. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வளைந்திருக்குமே, அந்த ஸ்பிரிங் பட்டைகளைச் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. நான் மண்ணூர்க்காரன். காஞ்சிபுரத்தில் கணக்கு பி.எஸ்ஸி. முடித்து, சென்னையில் ஆறு மாதம் புரோகிராமிங் படித்துவிட்டு வந்தவன். தினமும் சைக்கிளில் போவேன். அவள் வடக்குப்பட்டு. ஒரகடத்திலிருந்து ஒரு பஸ், ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி இன்னொரு பஸ். ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். அப்படியும் ஒருநாள்கூட எனக்குப் பிறகு அவள் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் நான்கு பேர். மானேஜர், மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒருவர், புரோகிராம் எழுத நாங்கள் இருவர். எனக்கு ஒரு வருடம் முன்னால் அவள் சேர்ந்திருந்தாள். வயது இருவருக்கும் ஒன்றுதான்.

தொழிற்சாலைக்கு வேண்டிய கணக்குகளையெல்லாம் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவள் எழுதி வைத்திருந்தாள். ஒரு பட்டை எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு வளையும், உலையில் எத்தனை நிமிடம் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சிறு புரோகிராம். எழுபதுக்கு மேல் இருந்தன. அந்தத் தொகுப்பைத்தான் லைப்ரரி என்போம். வேறு யார் புரோகிராம் எழுதினாலும், அந்தக் கணக்கைத் திரும்ப எழுத மாட்டார்கள். லைப்ரரியைக் கூப்பிட்டால் விடை வந்துவிடும்.

நான் சேர்ந்த வருடம் புது மெஷின் வந்தது. திரையில் பார்த்து டைப் செய்யலாம். அதைவிட முக்கியம், நாங்கள் எழுதுவதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் அதன் கம்பைலருக்குப் புதிய ஃபோர்ட்ரான் தெரியும். 'இப்படியானால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்' என்று பேசுவதுபோல எழுதலாம். பழையதில் அப்படி முடியாது. அங்கே போ, இங்கே போ என்று எண்களைக் காட்டித்தான் துரத்த வேண்டும். எனக்குப் புதியதன்மேல் பைத்தியம். முதல் வாரமே லைப்ரரியில் ஒரு புரோகிராமைப் புது முறையில் மாற்றி எழுதி அவளிடம் காட்டினேன்.

அவள் படித்தாள். "அழகா இருக்கு" என்றாள். பிறகு, "ஆனா ராணிப்பேட்டையில ஓடாதே" என்றாள்.

ராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு தொழிற்சாலை இருந்தது. அங்கே பழைய மெஷின்தான். மாதம் ஒருமுறை கம்பெனி ஜீப்பில் லைப்ரரி டேப் போகும்.

"அவங்களும் புது மெஷின் வாங்கட்டும்" என்றேன்.

"வாங்குற வரைக்கும்?"

"அவங்களுக்குப் பழசே இருக்கட்டும். நமக்குப் புதுசு ஒண்ணு தனியா வெச்சுக்கலாம்."

"அப்புறம் ஒரு தப்பை ரெண்டு எடத்துல திருத்தணும். ஒரு எடத்துல திருத்திட்டு இன்னொண்ணை மறப்போம். அதே பட்டை, அதே இரும்பு, அங்க ஒரு விடை, இங்க ஒரு விடை வரும். அது வேணாங்க."

எனக்குக் கோபம். "உங்களுக்குப் புதுசு கத்துக்க இஷ்டமில்ல" என்றேன். அவள் மறுநாள் காலை புதிய ஃபோர்ட்ரானின் தடித்த கையேட்டை என் மேஜையில் வைத்தாள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் பென்சிலில் சின்னச் சின்னக் குறிப்புகள். 'இது பழையதிலும் சரி', 'இது பழையதில் இல்லை', 'இது இரண்டிலும் உண்டு, ஆனால் அர்த்தம் வேறு'. நான் திறந்துகூடப் பார்க்காத அத்தியாயங்களை எல்லாம் அவள் எனக்கு முன்பே முடித்திருந்தாள்.

அந்த மூன்றாவது குறிப்புதான் ஆபத்தானது என்று அவள் அடிக்கடி சொல்வாள். இல்லாததைக் கம்பைலரே பிழை என்று காட்டிக்கொடுத்துவிடும். அர்த்தம் மாறியதை யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஓடும், விடையும் வரும்.

அதில் முதலாவது, லூப். ஒரு வேலையை இத்தனை தடவை செய் என்று சொல்வது லூப். பூஜ்யம் தடவை செய் என்று சொன்னால் என்ன ஆகும்? எங்கள் பழைய கம்பைலர் வேலையைச் செய்துவிட்டுத்தான் எண்ணிப் பார்க்கும். அதனால் பூஜ்யம் என்றாலும் ஒரு தடவை ஓடிவிடும். புதியது முதலில் எண்ணும். பூஜ்யம் என்றால் அந்தப் பக்கமே போகாது. பழைய புரோகிராம்கள் கெட்டுப்போகக் கூடாது என்று புதிய கம்பைலரில் ஒரு சுவிட்ச் கொடுத்திருந்தார்கள். கம்பைல் செய்யும்போது அதைப் போட்டால், லூப்புகள் பழையபடி ஒரு தடவையாவது ஓடும். லைப்ரரியை எப்போதும் அந்தச் சுவிட்சோடுதான் கம்பைல் செய்வாள். ஒரு மாற்றம் செய்தாலும், ஒரே கணக்கை இங்கேயும் ராணிப்பேட்டையிலும் ஓட்டி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, ஸ்கேலால் வரிவரியாக ஒப்பிடுவாள்.

கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் அது பிடித்துப்போனது. புதிய வசதிகளை விரும்பும் எஞ்சினியர்களுக்கு ஒரு வாசல், ராணிப்பேட்டைக்குப் பழைய வாசல், உள்ளே கணக்கு ஒன்றே என்று இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அதை முடித்த நாள், இரண்டு ஊர்த் தாள்களும் ஒரு புள்ளிகூட மாறாமல் வந்தன. அவள் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அதற்குப் பிறகு எங்கள் பேச்சு வேலையோடு நிற்கவில்லை.

சாயங்காலம் கேட்டிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடப்பேன். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா மட்டும். அவர்கள் வீடு சர்ச்சுக்குப் போகும் வீடு, எங்கள் வீடு கோயிலுக்குப் போகும் வீடு. இது எங்கே போய் முடியும் என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆனால் ஒருநாள் பஸ் தூரத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டே, "எங்க அம்மாகிட்ட நான் சொல்லிடுறேன். உங்க வூட்ல நீங்க சொல்லுங்க" என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு போனாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று கன்னத்தைப் பார்த்தே தெரிந்தது.

இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். என் பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். எங்கள் தொழிற்சாலையிலேயே உலைப் பிரிவில் வேலை. எந்தப் பட்டைக்கு எத்தனை நிமிடம் என்று அவள் எழுதி அனுப்பும் உலை கார்டைப் பார்த்துத்தான் அங்கே வேலை நடக்கும். ஷிஃப்ட் ஒத்துவந்தால் இருவரும் சேர்ந்தே சைக்கிளில் போவோம். அவர் பெடலை நிறுத்தாமலே, "நல்ல பொண்ணுடா. உலை கார்டு எழுதுற கையெழுத்தப் பாத்துக்கீறேன், முத்து மாரி. உங்க அப்பன் கத்துவாரு. கத்தட்டும். நான் பேசிக்கிறேன், வுடு" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் வந்தது. பதினைந்து நாள் லீவு போட்டாள். போகும்போது லைப்ரரியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பதினைந்து நாளில் நான் செய்தவை இரண்டு.

முதலாவது, டிஸ்க்கில் இடம் இல்லை என்று மெஷினைப் பார்த்துக்கொள்பவர் நச்சரித்தார். லைப்ரரியில் பாதிக்குப் பாதி கமெண்ட் வரிகள். கம்பைலர் படிக்காது, மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் குறிப்புகள். அவள் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் பத்து வரி, இருபது வரி எழுதியிருந்தாள். கமெண்ட் வரிகளை மட்டும் நீக்கிவிடும் ஒரு குட்டிப் புரோகிராமை எழுதி ஓட்டினேன். இடம் கிடைத்தது. எந்த வரியையும் அவள் அட்டைக் கார்டிலும் துளைத்து அலமாரியில் வைத்திருந்தாள். அதில் எல்லாம் இருக்கிறதே, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டாவது, தலைமை ஆபீசிலிருந்து புது மெஷினைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "லைப்ரரிய இன்னும் பழைய சுவிட்ச் போட்டுத்தான் கம்பைல் பண்றீங்களாமே. வர்றவங்க கேட்டா அசிங்கமா இருக்கும். புது ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவர முடியாதா?" என்றார். முடியும் என்றேன். எனக்கும் அந்த ஆசை உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அவள் திரும்பி வரும்போது சுவிட்ச் இல்லாமல் எல்லாம் ஓடுவதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

எல்லா லூப்பையும் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்காவது பூஜ்யம் வர வாய்ப்பிருக்கிறதா என்று சோதித்தேன். நேர்மையாகத்தான் பார்த்தேன். உலை நேரம் கணக்கிடும் புரோகிராமில் ஒரு லூப், பட்டையின் கனத்துக்கு ஏற்ப நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பட்டை எவ்வளவு கனம் கூடுகிறதோ அத்தனை தடவை ஓடும். எங்கள் பட்டைகள் எல்லாம் கனமானவை. பூஜ்யம் வராது என்று முடிவு செய்து டிக் போட்டேன். போன மாதக் கணக்குகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. ராணிப்பேட்டையில் அந்த வாரம் மெஷின் ரிப்பேர். அங்கே ஒப்பிடவில்லை.

அவள் வந்ததும், "சுவிட்சை எடுத்துட்டேன்" என்றேன்.

"எல்லா லூப்பும் பாத்தீங்களா?"

"ஒண்ணு விடாம."

"ராணிப்பேட்டையோட டேலி பண்ணிட்டீங்க இல்ல?"

"பண்ணிட்டேன்" என்றேன். அது பொய். அப்போது அது பொய்யாகவே தோன்றவில்லை. நாளைக்குச் செய்யப்போகிற வேலையை இன்றே செய்ததாகச் சொல்வோமே, அப்படி. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அவளுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "ரொம்ப தேங்க்ஸ்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துச் சின்ன வேன்களுக்கு மெல்லிசான பட்டை செய்யும் ஆர்டர் வந்தது. முதல் தொகுதி உலைக்குப் போன நாள், சைக்கிளில் வரும்போது அண்ணன் கேட்டார்.

"இன்னாடா, அந்த சின்னப் பட்டைக்கு டைமு ரொம்ப கம்மியா கீதே? உள்ள போட்டதும் எடுக்கச் சொல்லுது."

"மெல்லிசு இல்லண்ணே, கம்மியாத்தான் வரும்."

"மெல்லிசுதான். அதுக்குன்னு இவ்ளோ கம்மியாவா? சூப்பர்வைசரு கைலயும் கேட்டேன், கம்ப்யூட்டர் சொல்லுதுய்யா, செய்னுட்டாரு."

"கணக்கு சரியாத்தான் இருக்கும்ணே."

"நீ சொன்னா சரி" என்றார்.

எண்ணெயில் முக்கிக் கெட்டியாக்கிய பட்டையை மறுபடி உலையில் போதிய நேரம் வைத்தால்தான் அதற்கு வளையும் குணம் வரும். இல்லையென்றால் கண்ணாடி மாதிரி உடையும். நான்கு நாள் கழித்து, பட்டைகளை அழுத்திச் சோதிக்கும் பிரஸ்ஸில் ஆள் வரவில்லை என்று அண்ணனை அங்கே நிற்க வைத்திருந்தார்கள். காலை பதினோரு மணி இருக்கும். மூன்றாவது பட்டை உடைந்தது. ஒரு சில்லு தெறித்து அவருடைய வலது கண்ணில் அடித்தது.

நான் ஓடிப்போனபோது அவரைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். யாரோ துண்டை மடித்துக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். துண்டெல்லாம் ரத்தம். என் குரலைக் கேட்டதும், "டேய், வூட்ல அம்மாகிட்ட சட்டுனு சொல்லாத, பயந்துக்கும்" என்றார்.

சென்னைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் உலை கார்டுகளையெல்லாம் எடுத்து மானேஜர் அவளிடம் கொடுத்தார். அவள் ராணிப்பேட்டைக்கு டிரங்க் கால் போட்டு, அதே கணக்கை அங்கே ஓட்டச் சொன்னாள். அங்கே வந்த நேரம் நிறைய. இங்கே வந்தது குறைவு. அரை மணியில் அந்த லூப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். மெல்லிய பட்டைக்கு அது பூஜ்யம் ஆகிவிட்டது. பழைய மெஷினில் ஒரு தடவையாவது ஓடி, குறைந்தபட்ச நேரத்தைச் சேர்த்துவிடும். புதியதில் ஓடவே இல்லை. 'எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் ஒன்று என்று வைத்துக்கொள்' என்று லூப்புக்கு மேலே ஒரே ஒரு வரி சேர்த்தாள். பழையது, புதியது, சுவிட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, இனி எங்கேயும் தவறாது. இரண்டு நிமிட வேலை.

பிறகு என் மேஜைக்கு வந்தாள். சத்தம் போடாமல் கேட்டாள்.

"இதோட கமெண்ட் எங்க?"

"எடம் பத்தலன்னு... எல்லாத்துலயும் எடுத்துட்டேன்."

"இந்த லூப்பு ஒரு தடவையாவது ஓடணும், சுவிட்ச எடுத்தா இத மாத்தணும்னு நாலு வரி எழுதியிருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டேலி பண்ணேன்னு சொன்னீங்களே?"

நான் அழுதுவிடுவேனோ என்று நினைத்தாளோ என்னவோ, அவள் குரல் இறங்கியது. "சரி. மானேஜர் கூப்பிடுவாரு. நீங்களே சொல்லிடுங்க. நானும் பக்கத்துல இருப்பேன். என் கணக்கு, நம்ம ரெண்டு பேர் வேலை. சேந்தே சொல்லலாம்."

"சொல்லிடுறேன்" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பெரியம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணனின் அம்மா. அழுது அழுது முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தன் அங்க கீறியே ராஜா, யாரு தப்புன்னு பாத்து சொல்லுடா. அவன் நாசமாப் போவணும்" என்றார். அம்மா அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். மானேஜரோடு தொழிற்சாலைப் பொறுப்பாளரும் இருந்தார். மேஜைமேல் அந்தப் புரோகிராமின் பிரிண்ட். கமெண்ட் எல்லாம் போய், முதல் வரியில் அதன் பெயர் மட்டும். ஆனால் லைப்ரரிப் பட்டியலில் அதற்கு நேரே எழுதியவர் என்று அவளுடைய பெயரின் முதலெழுத்துகள் இருந்தன.

"இது நீங்க எழுதினதா?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"ஆமா சார்."

"பூஜ்யம் வந்தாலும் ஒரு தடவை ஓடும்னு நம்பி எழுதியிருக்கீங்க. அப்படி ஓடும்னு பழைய ஸ்டாண்டர்டுல எழுதியிருக்கா?"

"இல்ல சார். ஸ்டாண்டர்டு அதப் பத்தி ஒண்ணும் சொல்லல. ஆனா நம்ம கம்பைலர் அப்படித்தான் ஓட்டும். கையேட்டுல இருக்கு. அதனாலதான் மேல கமெண்ட் எழுதி வெச்சேன்."

"இதுல கமெண்ட்டே இல்லையேம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள். காத்திருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குத் தெரியும். வரும் வழியெல்லாம் சைக்கிளில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். வாயைத் திறக்கப்போன நேரத்தில் பெரியம்மாவின் கை என் கையைப் பிடித்திருப்பது போலவே இருந்தது. இதைச் சொன்னால் இன்று மாலைக்குள் மண்ணூருக்குத் தெரிந்துவிடும்.

மானேஜர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

சுவிட்சை எடுக்கச் சொன்னவர் அவர். அது அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கும்.

"இல்ல சார்" என்றேன்.

அவ்வளவுதான். அவள் கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் விளக்கம் சொல்லவில்லை. ஆமாம் சார், இல்லை சார், அவ்வளவே. கார்டுக் கட்டுகள் அலமாரியில் இருந்தன. அந்த நான்கு கமெண்ட் கார்டையும் எடுத்து மேஜையில் போட்டிருந்தால் போதும். அவள் அதைச் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அவளைப் புரோகிராம் எழுதும் வேலையிலிருந்து எடுத்து, டேட்டா என்ட்ரிக்குப் போட்டார்கள். ஒரு வாரம் வந்தாள். ஸ்டோர்ஸ் சீட்டுகளை டைப் செய்தாள். சாயங்காலம் நான் கேட்டில் சைக்கிளோடு நிற்பேன். என்னைக் கடந்து, மற்ற பெண்களோடு நடந்து போய்விடுவாள். எட்டாம் நாள் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் நான் அலமாரியைத் திறந்தேன். அந்தக் கார்டுக் கட்டு ரப்பர் பேண்ட் போட்டு அப்படியே இருந்தது. நான்கு கமெண்ட் கார்டுகள். அவள் சொன்ன அதே வார்த்தைகள். எடுத்துக்கொண்டுபோய் மானேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கமெண்ட்டை எடுத்தது நான், சுவிட்சை எடுத்தது நான், ஒப்பிடாமல் ஒப்பிட்டேன் என்று சொன்னதும் நான் என்று சொன்னேன். அவர் கார்டுகளை ஒருமுறை பார்த்தார். "அந்தப் பொண்ணு போயாச்சு. ரிப்போர்ட் மேல போயாச்சு. இப்ப இதக் கிளறி யாருக்கு என்ன லாபம்? போய் வேலையப் பாருங்க" என்றார். கார்டுகளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடக்குப்பட்டுக்குப் போனேன். அதுவரை அவள் வீட்டை நான் பார்த்ததில்லை. சர்ச்சுக்குப் போய்வந்த புடவையோடு இருந்தாள். அவள் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே மெல்ல வந்து, "வா தம்பி, உக்காரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காபி போடும் சத்தம் கேட்டது. என்னைப் பற்றி அம்மாவிடம் அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள் என்பது அந்த 'வா தம்பி'யிலேயே தெரிந்தது. அது என்னை இன்னும் கூசவைத்தது.

மானேஜரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். கார்டுகளைக் காட்டினேன். அவள் வாங்கவில்லை.

"கமெண்ட்ட எடுத்தீங்க, லூப்பத் தப்பாப் பாத்தீங்க. அதெல்லாம் தெரியாம நடந்தது. நானும்தான் முதல்லயே அந்த ஒரு வரிய எழுதியிருக்கலாம். கமெண்ட் போதும்னு விட்டுட்டேன். அத நெனச்சா எனக்கும் தூக்கம் வரல. உங்க அண்ணன் கண்ணுக்கு நானும்தான் காரணம்."

"அப்படிச் சொல்லாதீங்க."

"ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல நீங்க 'இல்ல சார்'னு சொன்னது தெரிஞ்சு சொன்னது. பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சே சொன்னீங்க."

"எங்க பெரியம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். உங்க நெலம எனக்குப் புரியாமலா இருக்கும்? புரியுது. அதனாலதான் ஒண்ணும் சொல்லல. ஆனா நாளைக்கு இன்னொரு ரூம்ல இன்னொரு காரணம் வரும். அப்பவும் நான் புரிஞ்சுக்கிட்டே இருக்கணும். என்னால முடியாதுங்க."

காபி வந்தது. குடித்தேன். சூடு தெரியவில்லை. அவள் பஸ் நிற்கும் இடம் வரை வரவில்லை.

அண்ணனிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் வீட்டுக் கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மாடு குடித்து முடித்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. அது தாங்காது" என்றார் முதலில். பிறகு, "என்கிட்ட சொல்லிட்ட. அது சரி. நானே கேட்டேனே உன்ன, ரோட்டுல வரசொல்ல. நெனப்பு கீதா?" என்றார்.

"இருக்குண்ணே."

"நீ சொன்னா சரின்னேன்." வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார். இறங்கும் படி எங்கே என்று தெரியாமல் காலால் துழாவிக்கொண்டே போனார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பிறகு கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். என்னோடு பேசுவதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் சைக்கிளில் சேர்ந்து போவது நின்றுவிட்டது. ஷிஃப்ட் ஒத்துவரவில்லை என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

லைப்ரரி என் ஒருவன் பொறுப்பாயிற்று. கார்டுகளிலிருந்து எல்லாக் கமெண்ட்டுகளையும் திரும்ப டைப் செய்தேன். மூன்று மாதம் ஆயிற்று. அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். எவனோ ஒருவன் அவசரத்தில் வருவான், அவனுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்று எழுதிய வரிகள். எந்த மாற்றம் செய்தாலும் ராணிப்பேட்டையோடு ஒப்பிடாமல் நான் விடுவதில்லை. மானேஜர்கூட ஒருமுறை, "நீங்களும் அந்தப் பொண்ணு மாதிரியே ஆயிட்டீங்க" என்றார்.

சில வருடம் கழித்து ராணிப்பேட்டைக்கும் புது மெஷின் வந்தது. பழையதை நிறுத்துவதற்கு முன் லைப்ரரி முழுவதையும் ஒருமுறை சரிபார்த்தோம். ஒரே ஒரு புரோகிராமில் ஓர் எண் எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. அதற்குக் கார்டிலும் கமெண்ட் இல்லை. அவள் சேர்ந்த முதல் மாதம் எழுதியது போலிருக்கிறது. எழுதினவரையே கேட்டுவிடுங்கள் என்றார் மானேஜர். வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் மையத்தில் இருப்பதாக விசாரித்துச் சொன்னார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்றும் சொன்னார்கள்.

டிரங்க் கால் புக் செய்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது.

"ஹலோ" என்றாள். குரல் மாறவே இல்லை.

நான் யார் என்று சொன்னேன். "சொல்லுங்க சார்" என்றாள்.

முன்பு அவள் என்னை ஒருபோதும் சார் என்று கூப்பிட்டதில்லை. புரோகிராமின் பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த எண் எதற்கு, எந்த இரும்புக்கு மட்டும் பொருந்தும், புதிய கம்பைலரில் என்ன கவனிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ஒரு வார்த்தையைத் திருத்தினாள்.

"உங்க அண்ணன் எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"கேட்டுல இருக்காரு. பரவால்ல."

"இருக்குற கண்ணுல எரிச்சல் வந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. வுட்டுடக் கூடாது."

"சொல்றேன்" என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு..."

நடுவில் எக்ஸ்சேஞ்ச்காரர் குரல் வந்தது. "மூணு நிமிஷம் ஆச்சுங்க. எக்ஸ்டெண்ட் பண்ணவா?"

அவள் சொல்லட்டும் என்று இருந்தேன். அந்தப் பக்கம் யாரோ பேப்பர் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"போதுங்க, பேசியாச்சு" என்றாள் எக்ஸ்சேஞ்ச்காரரிடம். பிறகு என்னிடம், "வெச்சிடுறேன் சார். வேற ஏதாவது புரியலன்னா லெட்டர் போடுங்க" என்றாள்.

லெட்டர் போடும்படி புரியாதது எதுவும் லைப்ரரியில் இல்லை. இருக்கிறதா என்று அந்த வாரம் முழுக்கத் தேடிப் பார்த்தேன்.